ஒரே கையில் மூன்று வேலை: வாசகர் கேள்வி, பதில்

கிளிநொச்சியில் நான் செய்கிற வேலையைப் பற்றிப் போன இதழில் ஒரு குறிப்பு வந்திருந்தது. கடைகளுக்கும் சிறு விடுதிகளுக்கும் உள்ளலங்காரம் செய்வது, அவற்றைப் படம் எடுப்பது, பெயர்ப்பலகையிலிருந்து பில் புத்தகம் வரை எல்லாவற்றையும் ஒரே அடையாளமாக வடிவமைப்பது, இந்த மூன்றும்தான் என் வேலை. அதற்குப் பிறகு வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது. சாமத்திய வீடு, கல்யாண வீடு என்று படம் எடுக்கிறேன், நண்பர்களின் கடைகளுக்கு லோகோவும் செய்து கொடுத்திருக்கிறேன். இப்போது தெரிந்த ஒருவர் தன்னுடைய புடவைக் கடையை உள்ளே மாற்றித் தரச் சொல்கிறார். "ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைக்காதே, ஒன்றைப் பிடி" என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்வது? (பரந்தன்)

பதில்: தம்பி, வீட்டில் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் புடவைக் கடைக்குப் போய் அரை நாள் சும்மா நில்லுங்கள், கமராவும் வேண்டாம், அளவு நாடாவும் வேண்டாம். கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த அம்மா என்ன செய்கிறார் என்று பாருங்கள். மேசையில் விரித்த சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார், பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து "இது அரக்கா மெரூனா பிள்ளை?" என்று மகளைக் கேட்பார், பிறகுதான் விலை கேட்பார். ஏன் வாசலுக்கு வருகிறார் என்றால் உள்ளே எரிகிற மலிவான எல்ஈடி நிறத்தைச் சரியாகக் காட்டவில்லை. அதே வெளிச்சத்தில் நீங்கள் சேலையைப் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டால், அதை நம்பி முழங்காவிலில் இருந்து பஸ் ஏறி வந்தவர் "படத்தில் வேறு நிறமாக இருந்ததே" என்று சொல்வார், இரண்டாம் தடவை வரமாட்டார். லோகோவை எவ்வளவு அழகாகக் கீறினாலும் அந்தக் கடையின் பெயர் அந்த இடத்தில் கெட்டுவிடும். இப்போது யோசியுங்கள், பல்ப் பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்கிற அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிற விளக்கை அந்த மேசைக்கு நேர் மேலே மாட்டினால், அல்லது மேசையையே பகல் வெளிச்சம் விழுகிற வாசல் பக்கம் நகர்த்தினால், கடையின் உள்ளமைப்பும் திருந்துகிறது, படமும் திருந்துகிறது, கடையின் பெயரும் காப்பாற்றப்படுகிறது. நாம் மூன்று வேலை என்று பிரித்துச் சொல்வது சேலை வாங்க வந்த அம்மாவுக்கு ஒரே வேலைதான். நான் மூன்றையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்த வழியும் இல்லை. ஜெர்மனியில் பீற்றர் பெஹ்ரன்ஸ் என்பவர் ஓவியராகத் தொடங்கியவர், 1907இல் ஏ.ஈ.ஜி. என்ற மின்சாரக் கம்பனிக்குக் கலை ஆலோசகராகப் போய், அதன் சின்னம், விளம்பரத் தாள், விளக்கு, கேத்தல் எல்லாவற்றையும் வடிவமைத்துவிட்டு, 1909இல் பெர்லினில் அதன் டர்பைன் தொழிற்சாலைக் கட்டடத்தையும் வடிவமைத்தார். நம்முடைய நாட்டில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் கட்டடங்களை எடுத்துக்கொண்டால், ஈனா டி சில்வாவின் பத்திக் துணிகளும் பாபரா சன்சோனியின் கைத்தறித் துணியும் லக்கி சேனநாயக்கவின் சிற்பமும் அவற்றோடு சேர்ந்தே இருந்தன. பாவா வடிவமைத்து 1994இல் திறந்த கண்டலம ஹோட்டலின் படிக்கட்டில் இருக்கிற, லக்கி செய்த அந்தப் பெரிய ஆந்தை இல்லாமல் அந்த இடத்தை நினைக்க முடியாது. லயனல் வென்ட் பியானோ வாசித்தார், சட்டம் படித்தார், இன்றைக்கும் உலகம் பேசுகிற படங்களை எடுத்தார்.

சரி, வீட்டாரின் நியாயத்துக்கு வருவோம். மூன்றும் தெரிந்திருப்பது வேறு, மூன்றையும் தனியாளாகச் செய்வது வேறு. வயறிங்கில் கை வைக்காதீர்கள், தூணையும் வளையையும் தொடாதீர்கள், அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை அழைத்து வந்து நிற்க வைப்பதும் உங்கள் வேலைதான். ஒன்றில் மட்டும் கை ஆழமாகப் போயிருக்க வேண்டும், உங்களுக்கு அது படம் எடுப்பது, வீட்டுச் செலவும் இப்போதைக்கு அதிலிருந்தே வரட்டும். இந்தக் கடையில் முழுவதையும் மாற்றித் தருகிறேன் என்று ஏற்றுக்கொள்ளாமல், விளக்கு, சேலை விரிக்கிற மேசை, பலகை, இந்த மூன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, ஏ9 வீதி வடக்குத் தெற்காகப் போகிறது, ஆகவே வீதியின் கிழக்குப் பக்கத்துக் கடைகள் எல்லாம் மேற்குப் பார்த்தவை. இந்தக் கடையும் அப்படி இருந்தால் பின்னேர வெயில் நேரே கண்ணாடிக்குள் இறங்கும், காட்சிக்குக் கட்டித் தொங்கவிட்ட சேலைகள் சில மாதத்தில் வெளுத்துவிடும். முன்பக்கம் ஒரு தாழ்வாரம் இறக்கச் சொல்லுங்கள். அந்த நிழலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் கடையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள்.

கேள்வி: மகன் உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்தவன், நாள் முழுக்கப் போனில் படம் எடுப்பதும் கீறுவதும்தான். இதைப் படிக்க எங்கே அனுப்புவது, இதனால் ஒரு குடும்பம் நடத்த முடியுமா? (மாங்குளம், ஒரு தாய்)

பதில்: அம்மா, முடியும், ஆனால் மாதச் சம்பளம் போல வராது. தை, ஆவணி மாதங்களில் கல்யாணமும் கடைத் திறப்பும் குவியும், மார்கழியில் ஒன்றும் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டு காசைப் பிடித்து வைக்கப் பழகிய பிள்ளைக்குப் பயமில்லை. படிப்பைப் பொறுத்தவரை, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது, அதற்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை எழுத வேண்டும். மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் பீடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கலாம். பக்கத்திலேயே வேண்டும் என்றால் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தருகிற பயிற்சிகளைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் அவனை ஒரு வருடம் நல்ல ஓடாவியார் ஒருவரோடு விடுங்கள் என்றுதான் சொல்வேன். அலுமாரியின் ஆழம் ஏன் இரண்டடி, கதிரையின் இருக்கை ஏன் பதினெட்டு அங்குல உயரம் என்பதைக் கையால் தெரிந்துகொண்ட பிள்ளைக்குக் கணினியில் கீறுவது பிறகு சுலபமாக வரும். கணினியில் மட்டும் பழகியவர்கள் கீறுகிற சமையலறையில் பல நேரம் குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறக்காது.

கேள்வி: எங்கள் வெதுப்பகத்துக்குப் புதிதாகப் பலகை அடித்தோம். பாண், பணிஸ், கேக், மகளின் படம், மூன்று தொலைபேசி இலக்கம், எல்லாம் போட்டுத்தான் தந்தார்கள். ஆனால் ரோட்டில் போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். (விசுவமடு)

பதில்: அண்ணா, எல்லாம் போட்டதால்தான் ஒன்றும் தெரியவில்லை. உங்கள் கடை பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இருக்கிறது. ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் வருகிறவர் நூறு அடியை இரண்டு செக்கனுக்குக் கொஞ்சம் கூடிய நேரத்தில் கடந்துவிடுவார். அதற்குள் அவர் வாசிக்கக் கூடியது கடையின் பெயரும் "வெதுப்பகம்" என்ற சொல்லும்தான். பலகை எழுதுகிறவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது, பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து. நூறடியில் வசதியாக வாசிக்க வேண்டுமென்றால் எழுத்து பத்து அங்குலம் இருக்க வேண்டும். உங்கள் பலகையில் இப்போது பெயர் எத்தனை அங்குலம் என்று ஏணி வைத்து அளந்து பாருங்கள், பாணின் படம் எத்தனை அடி என்றும் அளந்து பாருங்கள்.

தமிழ் எழுத்துக்கு இன்னும் சில தேவைகள் உண்டு. ணை, ஞ, னை போன்ற எழுத்துகளின் வயிற்றுக்குள் இடம் குறைவு, மிகத் தடித்த எழுத்தைப் போட்டால் உள்வெளி அடைபட்டு, தூரத்தில் ஒரு கறுப்புத் துண்டாகத்தான் தெரியும். நடுத்தரத் தடிப்பு போதும். மேலே வருகிற விசிறிக்கும் கீழே வருகிற சுழிக்கும் இடம் விட வேண்டும், ஆகவே தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று வரி போடும்போது ஆங்கிலத்துக்கு விடுகிற இடைவெளியையே தமிழுக்கும் விட்டால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அப்புறம், கணினியில் தமிழ் அடிக்க நம்மவர்கள் பாவிக்கிற இந்தப் பாமினி எழுத்து. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, எத்தனையோ வருடம் நம்முடைய அழைப்பிதழும் நோட்டீசும் அதில்தான் வந்தன. ஆனால் அது எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான யூனிகோட் முறைக்கு முந்திய எழுத்து, அதே சொற்களை நாளைக்கு பேஸ்புக்கிலோ கூகிள் வரைபடத்திலோ போட வேண்டுமென்றால் மாற்றித்தான் போட வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி என்று நல்ல யூனிகோட் எழுத்துகள் கூகிளில் இலவசமாகக் கிடைக்கின்றன, வியாபாரத்துக்குப் பாவிக்கவும் அனுமதி உண்டு. போட்டோஷொப்பில் "கொ" உடைந்து ஒற்றைக்கொம்பு தள்ளி விழுகிறது என்று பிரிண்ட் கடைக்காரர் சொன்னால், எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு உரியதாக மாற்றச் சொல்லுங்கள், சரியாகிவிடும். உடைந்த எழுத்தோடு ஒரு பலகையும் தெருவில் நிற்கக் கூடாது, இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பிளெக்ஸ் துணி மலிவுதான், ஆனால் நம்முடைய வெயிலில் மஞ்சளும் சிவப்பும் முதலில் போய்விடும், பாண் நீலமாகத் தெரியத் தொடங்கும். சாப்பாட்டுக் கடைக்கு அதைவிடக் கூடாத ஒன்று இல்லை. காசு இருந்தால் ஏ.சி.பி. என்கிற அலுமினியம் ஒட்டிய தகட்டில் எழுத்தை வெட்டி ஒட்டுங்கள். காசு குறைவென்றால் தகரத்தில் எனாமல் பெயின்ற்றால் எழுதுகிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், இன்னும் இருக்கிறார்கள், கை எழுத்துப் பலகை பல வருடம் நிற்கும். மகளின் படத்தைக் காசு வாங்குகிற மேசைக்குப் பின்னால் நல்ல சட்டம் போட்டு மாட்டுங்கள்.

கேள்வி: கடற்கரைப் பக்கம் நான்கு அறை வைத்து விடுதி நடத்துகிறோம். அறைகள் நேரில் நன்றாக இருக்கின்றன, போனில் எடுத்தால் சிறைக்கூடம் மாதிரி வருகிறது. பெரிய கமரா வாங்க வேண்டுமா? (முல்லைத்தீவு)

பதில்: வாங்க வேண்டாம், இப்போதைக்கு இருக்கிற போன் போதும். காலை எட்டு, ஒன்பது மணிபோல யன்னல் சீலையை முழுக்கத் திறந்துவிட்டு, அறையிலிருக்கிற ரியூப்லைற்றை அணைத்துவிடுங்கள், மிக முக்கியமானது இதுதான். யன்னலால் வருகிற வெளிச்சம் ஒரு நிறம், 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு) ரியூப்லைற் இன்னொரு நிறம், கட்டில் பக்கத்து மஞ்சள் பல்ப் 3000 கெல்வின், மூன்றும் கலந்தால் சுவரின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும், போனுக்கும் எது வெள்ளை என்று தெரியாது. பிறகு, அறை பெரிதாகத் தெரியட்டும் என்று 0.5 என்ற அகன்ற லென்ஸுக்குப் போகாதீர்கள். கட்டில் வள்ளம் போல நீளும், வந்து பார்க்கிற விருந்தாளி ஏமாந்துபோவார். 1இலேயே வைத்து, அறையின் மூலையில் முதுகை ஒட்டி நின்று, போனை உங்கள் கண் உயரத்தில் பிடிக்காமல் நெஞ்சளவுக்கும் கொஞ்சம் கீழே, ஏறத்தாழ நான்கடி உயரத்தில் பிடியுங்கள். போனை மேலேயோ கீழேயோ சரிக்காமல் நேரே வைத்தால் கதவு நிலையும் சுவர் மூலையும் நெட்டாக நிற்கும். நிலை சரிந்த படத்தைப் பார்க்கிறவருக்கு ஏன் என்று தெரியாமலே மனது ஒட்டாது.

யன்னலுக்கு வெளியே கடல் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது வெள்ளையாக வெளுத்துப்போனால் யன்னலைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்து ஒன்றும், அறையைத் தொட்டு ஒன்றும் எடுத்து இரண்டையும் சேர்க்கலாம், போனிலேயே எச்.டி.ஆர். என்று இருப்பதும் இதைத்தான் செய்கிறது. கதவுக்குப் பின்னால் தொங்குகிற துவாய், நுளம்புச் சுருள் தட்டு, மேசைக்கடியில் வாளி, இவற்றை எடுத்துவிட்டு எடுங்கள். ஆனால் நுளம்பு வலையை எடுக்காதீர்கள், அழகாகக் கட்டிவிட்டுப் படத்தில் காட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் முதலில் தேடுவதே அதைத்தான்.

கேள்வி: வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. அதற்கெல்லாம் உள்ளலங்காரம் என்று ஒன்று உண்டா? கேட்க வெட்கமாகவும் இருக்கிறது. (ஒட்டுசுட்டான்)

பதில்: அக்கா, வெட்கப்பட என்ன இருக்கிறது. 2009க்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் மட்டும் ஐம்பதாயிரம் வீடு என்று வந்தது, பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தந்து ஆட்களையே கட்டச் சொன்னார்கள். சின்ன வீட்டில்தான் ஒவ்வொரு அடியையும் யோசிக்க வேண்டும், ஆகவே இந்த வேலை பெரிய வீடுகளை விட உங்கள் வீட்டுக்கே அதிகம் தேவை. முதலில் காற்று. நான் பார்க்கிற பல வீடுகளில் அலுமாரி யன்னலை மறைத்து நிற்கிறது. சோளகக் காற்று வைகாசியிலிருந்து எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்க யன்னலையும் அதற்கு எதிர்ப்பக்க யன்னலையும் விடுவியுங்கள், இதற்கு ஒரு சதமும் செலவில்லை. சாமான்களைக் கீழே அடுக்காமல், கதவு நிலைக்கு மேலே லின்டல் உயரத்தில் சுவரைச் சுற்றி ஒரு பலகைத் தட்டு அடித்தால் தரை முழுவதும் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். கிரவல் ரோட்டுப் புழுதி வெள்ளைச் சுவரின் அடியை ஒரு மழைக்குள் செம்மண்ணாக்கிவிடும், ஆகவே அடியில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கடும் காவி நிறம் பூசி, மேலே பால் வெள்ளை பூசுங்கள். நம்முடைய பழைய வீடுகளிலும் கோயில்களிலும் இருந்த அதே முறை. கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதைத் துளைக்கவோ தேய்க்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதி. கீழே தனியாகச் சட்டம் அடித்துப் பாய் இழைக்கிறவர்களிடம் அளவு கொடுத்து ஓலைப்பாய் வாங்கி சீலிங்காகக் கட்டலாம், வெக்கையும் குறையும், அடுப்புப் பக்கம் மட்டும் கட்ட வேண்டாம்.

கேள்வி: பெண்கள் குழுவாகப் பனங்கட்டியும் மொட்டைக்கறுப்பன் அரிசியும் விற்கிறோம். கொழும்பில் விற்க "பிராண்டிங்" வேண்டும் என்கிறார்கள். ஒருவர் பளபளப்பான பிளாஸ்டிக் பையில் தங்க நிறத்தில் கீறித் தந்தார். மற்றவர் போரில் பாதிக்கப்பட்ட பெண்கள் என்று பெரிதாகப் போடச் சொல்கிறார். (பூநகரி)

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் பனங்கட்டி ஏற்கெனவே குட்டானில்தான் வருகிறது. பச்சை ஓலையில் இழைத்த அந்தச் சின்னக் குட்டானை விட நல்ல பொதியை எந்த வடிவமைப்பாளரும் உங்களுக்குச் செய்து தர முடியாது, அது மூச்சு விடும், கையில் பிடித்தால் எங்கிருந்து வந்தது என்று தெரியும். அதைப் பிளாஸ்டிக் பைக்குள் ஒளித்து வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். ஓலையில் ஸ்ரிக்கர் ஒட்டாது, ஆகவே தடித்த கடதாசியில் ஒரு சின்ன அட்டை அடித்து நாரால் கட்டித் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் பனங்கட்டி ஈரம் இழுத்து இளகும், தூரம் அனுப்பும்போது குட்டான்களைக் காற்றுப் புகாத ஒரு பெட்டிக்குள் அடுக்கி, அந்தப் பெட்டியின் மேலே பெரிதாகப் பெயரைப் போடலாம். என்ன பொருள், சேர்மானம், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, விலை, உங்கள் முகவரி, இவை கட்டாயம் இருக்க வேண்டும். அச்சடிக்க முன்னர் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாதிரியைக் காட்டிச் சரி பார்த்துவிடுங்கள், ஆயிரக்கணக்கில் அடித்துவிட்டு எறிவது பெரிய நட்டம்.

இரண்டாவது ஆலோசனையைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. நீங்கள் பட்டது உங்களுடையது, அதை யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது என்பதும் உங்கள் விருப்பம்தான், அரிசிப் பையில் அதை அச்சடிக்கச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. பரிதாபத்தில் வாங்குகிறவர் ஒரு தடவைதான் வாங்குவார். மொட்டைக்கறுப்பனின் சிவந்த அரிசியையும் அது சோறாகும்போது வருகிற வாசத்தையும் அறிந்து வாங்குகிறவர் மாதாமாதம் வாங்குவார். அட்டையில் பூநகரி என்று ஊரைப் பெரிதாகப் போடுங்கள். படம் வேண்டுமென்றால் பாணியைக் காய்ச்சுகிற தாச்சியையும் குட்டான் இழைக்கிற கையையும் எடுங்கள், பின்னேரம் பக்கவாட்டில் விழுகிற வெயிலில் எடுத்தால் ஓலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். நான் அந்தப் பக்கம் வரும்போது எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

கேள்வி: நானும் இதே வேலைதான் பழகுகிறேன். கட்டட இடத்துக்குப் போனால் மேசன்மார் என்னைக் கணக்கெடுப்பதே இல்லை. (கிளிநொச்சி, ஒரு தங்கை)

பதில்: தங்கச்சி, வாயால் சொல்லாமல் தாளில் கொடுங்கள். அடியும் அங்குலமும் போட்ட ஒரு கீறலை, சுவரிலேயே சோக்கட்டியால் கோடு போட்டுக் காட்டிவிட்டு, அதன் கீழே திகதியும் எழுதிவிட்டு வந்தால் அடுத்த நாள் யாரும் "நீங்கள் சொல்லவில்லை" என்று சொல்ல முடியாது. அவர்களின் கைவேலையைப் படம் எடுத்து அவர்களுக்கே வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், மனதாரப் பாராட்டி அனுப்புங்கள், நல்ல பூச்சு வேலை செய்கிற ஒருவருக்கு அதை யாராவது கவனித்துப் பார்த்தார்கள் என்பது பெரிய விஷயம். மரியாதை மெதுவாக வரும், ஆனால் வரும். மரியாதை இல்லாமல் பேசுகிற இடத்தில் மட்டும் நிற்காதீர்கள், அந்த வேலையே வேண்டாம்.

கேள்வி: ஒரு கடைக்கு லோகோவும் படங்களும் செய்து கொடுத்தேன். பாதிக் காசோடு நிறுத்திவிட்டார்கள், ஆனால் எல்லாவற்றையும் பாவிக்கிறார்கள். என்னுடைய படைப்பு என்னுடையதுதானே, எடுக்கச் சொல்ல முடியாதா? (வவுனியா)

பதில்: தம்பி, இதை நன்றாகக் கேளுங்கள், ஏனென்றால் பலர் நினைப்பதற்கு மாறாகத்தான் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒருவர் கேட்டுச் செய்வித்த படைப்பின் பொருளாதார உரிமை, அதாவது அதைப் பாவிக்கவும் பிரதி எடுக்கவும் விற்கவும் உள்ள உரிமை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி உடன்பாடு இல்லாவிட்டால், செய்வித்தவருக்குத்தான் போகிறது. செய்தவர் நீங்கள் என்று சொல்லப்படுகிற உரிமை உங்களோடு இருக்கும், பொருளாதார உரிமை போய்விடும். ஆகவே "முழுக் காசும் கட்டி முடித்த பிறகே உரிமை மாறும், அதுவரை பாவிக்க முடியாது" என்ற ஒரு வசனம், தமிழிலேயே, ஒரு தாளில், இரண்டு பேரின் கையெழுத்தோடு இருந்திருந்தால் உங்கள் பிடி இறுக்கமாக இருந்திருக்கும். இப்போதும் பேசிய தொகை வரவேண்டிய கடன்தான். வட்ஸ்அப்பில் விலை பேசிய செய்திகளை அழிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் நேரில் போய்க் கேளுங்கள், சரிவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

இனிமேல் வருகிற வேலைகளுக்கு நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். தொடங்க முன்னர் பாதி வாங்குகிறேன். லோகோவைக் காட்டும்போது சின்னதாக, குறுக்கே என் பெயர் போட்ட படமாகத்தான் அனுப்புகிறேன், பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பு கடைசிக் காசு வந்த அன்றுதான் போகும். உள்ளலங்காரத்தில் மரமும் ரைல்ஸும் நான் வாங்கிக் கொடுப்பதில்லை, ஹார்ட்வெயார் கடைக்கு அவர்களே நேரே கட்டுகிறார்கள், என்னுடைய கூலி தனிப் பில்லில் வருகிறது, இதனால் விலை ஏறினாலும் இறங்கினாலும் என் மேல் சந்தேகம் வராது. எத்தனை தடவை திருத்தித் தருவேன் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுகிறேன்.

உங்கள் வாடிக்கையாளர்களுக்கும் ஒன்றைச் சொல்லிவையுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டோம், இனி ஒருவரும் எங்கள் லோகோவை எடுக்க முடியாது என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அந்தப் பதிவு வியாபாரம் நடத்துவதற்கு, சின்னத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகத் தனியே பதிய வேண்டும், விண்ணப்பித்த நாளிலிருந்து பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பெயரை முடிவு செய்ய முன்னரே அதே பெயர் அங்கே வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுங்கள், பலகை அடித்த பிறகு தேடுவதில் பயனில்லை.